தமிழ் லினக்ஸ் கையேட்டைச் சரியாக வைத்திருக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு,

வன்னியில் கணினிக்கு உதவி கேட்டால் கணினி கிடைக்கிறது. கட்டடத்துக்குக் கேட்டால் சீமெந்தும் வரும், திறப்பு விழாவும் நடக்கும், சுவரில் பெயர்க்கல்லும் பதிக்கலாம். இந்த முறை நாங்கள் கேட்பது பெயர்க்கல் வைக்க வழியில்லாத ஒரு வேலைக்கு. எங்கள் வாசிகசாலையில் உருவான தமிழ் லினக்ஸ் கட்டளைக் கையேட்டின் பக்கங்களைத் திரும்பத் திரும்பச் சோதித்துத் திருத்தும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் ஒரு மென்பொருள். அதற்குத் தட்டச்சு செய்து கொடுக்கும் கட்டளைகளைத் தமிழில் விளக்குவதுதான் இந்தக் கையேடு.

எழுதி முடித்ததுதானே, பிறகென்ன சம்பளம் என்று பொதுக்கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கணினியில் ஏதாவது கோளாறு என்றால் சிஸ்லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து பார் என்பது பழைய பாடம். லினக்ஸின் ஒரு வகையான டெபியனில் 11ஆம் பதிப்பு வரை அது சரி. 2023இல் வந்த டெபியன் 12ஐப் புதிதாக நிறுவினால் அந்தக் கோப்பே இருக்காது. ஜேர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துத்தான் பதிவுகளைப் பார்க்க வேண்டும். உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளை பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு கோப்பைத் தேடுவாள். அப்படி ஒன்றும் இல்லை என்று திரை சொல்லும். பக்கம் பழசாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றாது. தான்தான் எதையோ பழுதாக்கிவிட்டோம் என்று பயந்து, கணினியை நிறுத்திவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

கோப்புகளின் பெயரை மாற்றும் ரீநேம் கட்டளை இதைவிடச் சிக்கல். டெபியனில் அந்தப் பெயரில் கிடைப்பது பேர்ள் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸின் இன்னொரு வகையான ஃபெடோராவில் வருவது யூடில்-லினக்ஸ் தொகுப்பைச் சேர்ந்த வேறொன்று. பெயர்தான் ஒன்று, கட்டளையை எழுதும் முறையே வேறு. அதனால்தான் எந்தப் பதிப்பில், எப்போது சோதித்தது என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுகிறோம். 2025 ஆகஸ்ட்டில் டெபியன் 13 வந்ததும் அந்த அடிக்குறிப்புகள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன. தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இப்போது வன்தட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் ஒரு பெரிய வீடியோவை அங்கே போட்டால் என்னவாகும் என்று பக்கத்தில் இருக்க வேண்டாமா?

எங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1996 மே மாதம் அரசு மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னே எடுத்தது, 2006 ஏப்ரலில் பழையபடி கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் முன்னாலேயே வந்து நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் மணிக்கூடு மாறவே இல்லை. லினக்ஸ் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தொகுப்பில், ஆசியாவுக்கான கோப்பில், ராய்ட்டர்ஸ் செய்தி ஒன்றைக் காட்டி இதை ஒரு குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இலங்கைக்கு வலயம் என்று இருப்பது கொழும்பு ஒன்றுதான். ஆகவே 2001ஆம் ஆண்டின் ஒரு நேரத்தை, தேதியும் நேரமும் காட்டும் டேட் கட்டளையிடம் கேட்டால், அன்று கிளிநொச்சி மணிக்கூடு காட்டியதைவிட அரை மணிநேரம் கூட்டிச் சொல்லும். கணினியில் சாதகம் கணிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? எங்கள் டேட் பக்கத்தில் இதற்கு ஒரு பந்தி ஒதுக்கியிருக்கிறோம்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டு வந்தது. கட்டளையின் குறைகளை ஒளிக்காமல் சொல்லும் பகுதி அதிலேயே இருந்தது. எங்கள் பக்கங்களிலும் அந்தப் பகுதி இருக்கிறது, வாசகர்கள் அதிகம் எழுதி அனுப்புவதும் அதற்குத்தான். அனுப்பியதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. ஆங்கிலத்திலுள்ள லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை, அதாவது மேன் பக்கங்களை, 2004 முதல் நீண்ட காலம் மைக்கேல் கெரிஸ்க் பராமரித்தார். அவருக்குப் பின் பொறுப்பெடுத்தவர், சம்பளமின்றி இனி முடியாது என்று 2024 செப்டம்பரில் பணியை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் சில நிறுவனங்கள் நிதி தர முன்வந்தன. உலகமே பயன்படுத்தும் பக்கங்களுக்கே இந்த நிலை என்றால் எங்களுடையதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பகுதிநேர வேலைக்கு மாதம் 45,000 ரூபா, ஒரு வருடத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். மின்வெட்டில் சோதனை பாதியில் நிற்காமலிருக்க ஒரு பற்றரி, அது தனிச் செலவு. அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்துவிட்டு, இங்கே வேலையில்லாமல் கொழும்புக்குப் பஸ் ஏற நிற்கும் ஒருவரைத்தான் எடுக்க நினைக்கிறோம். ஒரேயடியாகப் பெரிய தொகை தருவதைவிட, மாதம் 1,000 ரூபா வீதம் ஒரு வருடம் தருவது எங்களுக்கு உதவி. சம்பளம் நடுவில் நிற்காது.

வங்கிக் கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு மாதாமாதம் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். காசுக்குப் பதிலாக நேரம் தரக்கூடியவர்கள் செயலாளரிடம் சொன்னால் ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரித்துக் கொடுப்போம்.

வெளிநாட்டிலிருந்து பழைய கணினி அனுப்ப யோசிப்பவர்கள் தயவுசெய்து முதலில் எங்களோடு பேசுங்கள். 32-பிட் செயலி உள்ள பழைய கணினிகளில் டெபியன் 13ஐ நிறுவ முடியாது. அவற்றை இறக்கும் கூலிதான் எங்களுக்கு மிஞ்சும்.

நிர்வாக சபை