இருபது பேருக்கு எத்தனை லைன்?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு நான் கண்ணாடி இல்லாமல் படித்த முதல் கடிதம் இதுதான். உன் கோழிக்கிறுக்கலே புரிகிறது என்றால் டாக்டர் கெட்டிக்காரர்தான். ஒற்றை அறையில் தொடங்கியவன் இப்போது இருபது பேருக்கு இடம் பார்க்கிறாய். ரொம்பச் சந்தோஷம்டா.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். விற்க வந்தவர் "இருபது பேர், அதனால் இருபது லைன்" என்றாராமே. அவரை அங்கேயே நிறுத்து. எக்ஸ்டென்ஷன், அதாவது மேசையில் இருக்கும் உள் போன் வேறு, வெளி லைன் வேறு. இருபது மேசையிலும் போன் இருக்கட்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியாரோடு பேசுவார்கள் என்பதுதான் கணக்கு.

இதற்கு வழி சொன்னவர் எர்லாங் என்கிற டென்மார்க்காரர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உன் அலுவலகத்தில் கூட்டம் அதிகமான ஒரு மணி நேரத்தில், வருவதும் போவதுமாக 30 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைத்துக்கொள். மொத்தம் 90 நிமிடப் பேச்சு, அதாவது சராசரியாக ஒன்றரை லைன். அப்படியென்றால் இரண்டு போதுமே என்று தோன்றும். போதாது. அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. நான்கு சேர்ந்து வந்து விழும், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. இரண்டு லைன் இருந்தால் 100 அழைப்பில் 31 தட்டிப்போகும். மூன்று இருந்தால் 13. ஐந்து இருந்தால் ஒன்றோ இரண்டோதான். ஆக, அந்த மனிதர் இருபது கேட்ட இடத்தில் ஐந்து போதும்.

அடுத்தது, எக்ஸ்டென்ஷன்களையும் வெளி லைன்களையும் இணைக்கிற பெட்டியை நீயே வாங்கி வைப்பதா, அந்த வேலையை இணையம் வழியாக வேறொரு கம்பெனி செய்து தரும் கிளவுடில் மாத வாடகைக்கு எடுப்பதா என்பது. ஒரு கணினியையே அந்தப் பெட்டியாக்கும் ஆஸ்டரிஸ்க் இலவசம்தானே, நானே போட்டுத் தருகிறேன் என்று உன் மருமகன் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறாய். 1999-லிருந்து இருக்கிற நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வேலை மாறிப் போன பிறகு ராத்திரி அது படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவாய்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் கிளவுட்தான் நிம்மதி. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போகும், போகட்டும்.

கிளவுடுக்கு வேகமான இணைய இணைப்பு வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். சாதாரண தரத்தில் ஒரு பேச்சுக்குப் போக 90 கிலோபிட், வர 90 கிலோபிட், ஏறத்தாழ அவ்வளவுதான். ஐந்து பேர் பேசினாலும் அரை மெகாபிட் ஆகாது. தொல்லை தருவது தாமதம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லி செகண்டைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள். யாராவது பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல், அது போதும்.

கரண்ட்டை மறந்துவிடாதே. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, அதனால் வீடே இருண்டாலும் அது பேசும். இணையம் வழியாகப் பேசும் ஐபி போன் அப்படியில்லை. போன், போன்களின் கம்பிகள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் முதல் நாளே பூட்டிவிடு. பாஸ்வேர்டு திருடுகிறவர்கள் விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் வெளிநாட்டு எண்களுக்கு அடித்துத் தள்ளுவார்கள், பில் உனக்கு வரும்.

"ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். பகலில் வேண்டாம். ஆபரேட்டர் இல்லாமலே இணைப்புத் தரும் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் காப்புரிமை வாங்கிய ஸ்ட்ரோஜர், சவ அடக்கம் செய்து தரும் தொழில்காரர். ஆபரேட்டர் தன் வாடிக்கையாளர்களைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். உன் ரிசப்ஷனில் இருக்கும் பெண்மேல் உனக்கு அந்தச் சந்தேகம் இல்லையே? வாடிக்கையாளர்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டு பேசுகிறவர் என்று நீதானே எழுதினாய். அலுவலகம் மூடிய பிறகு இயந்திரம் பேசட்டும்.

கையெழுத்துப் போடுமுன், இப்போதைய எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார். அதைப் புது இணைப்புக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள். எண் மாறி வரும்வரை பழைய லைனைத் துண்டிக்காதே.

பழைய லைனின் அழைப்பு விவரத்தை எனக்கு அனுப்பு, கணக்கை நானே போட்டுத் தருகிறேன். பிஸி டோன் கேட்டுத் திரும்பியவர்கள் பில்லில் வரமாட்டார்கள். அந்த எண்ணிக்கையைச் சேவை தருபவரிடம் தனியாகக் கேட்டு வாங்கு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி