பெருங்காய டப்பாவுக்கும் சேர்த்து ஒரு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்திய இணையப் பாதுகாப்பு வகுப்புகள் போன வாரம் முடிந்தன. தலைமையாசிரியர் என் பெயரை மட்டும் சொல்லிக் கைதட்ட வைத்துவிட்டார். கூச்சமாகப் போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

இது தொடங்கியதே ஒரு பையனால்தான். போன் விளையாட்டில் காசு கொடுத்து வாங்கும் ‘டைமண்ட்’ இலவசம் என்று எவனோ அனுப்பிய லிங்க்கைத் தட்டி, வந்த ஓடிபியையும் சொல்லிவிட்டான். அப்பாவின் கணக்கிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் போயே போச்சு. பணம் போனதைவிட, பதினோரு நாள் அவன் வாயே திறக்காமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது. கேட்டால், “சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க டீச்சர்” என்கிறான். ‘பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே’ என்று போஸ்டர் ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. (நானே இரண்டு ஒட்டியிருக்கிறேன்.)

சைபர் கிரைம் பிரிவிலிருந்து வந்த உதவி ஆய்வாளர் மேடத்துக்கு முதல் நன்றி. பிள்ளைகள் மிரளக் கூடாதென்று காக்கி போடாமல் சுடிதாரில் வந்தீர்கள். கரும்பலகையில் 1930 என்று பெரிதாக எழுதி, பணம் போன கையோடு இந்த எண்ணுக்கு அழைத்தால், அது கைமாறுவதற்குள் வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு, நாள் ஆக ஆகக் கஷ்டம் என்றீர்கள். அந்தப் பையன் முன் பெஞ்சில்தான் இருந்தான். நீங்கள் அவன் பக்கமே திரும்பவில்லை. கவனித்தேன் மேடம். மற்ற எந்தத் தொல்லைக்கும் குழந்தைகள் உதவி எண் 1098 என்று நீங்கள் எழுதிப்போனதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

அடுத்து, சென்னையிலிருந்து லீவு போட்டு வந்த எங்கள் பழைய மாணவிக்கு. அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் என்ன செய்வது என்று பேச எங்களுக்கெல்லாம் நாக்கு எழவில்லை, நீதான் பேசினாய். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது, படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அதன் அடையாள எண் மட்டும் நம் போனிலேயே உருவாகிப் போகும், அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும் என்றாய். யாருக்கும் புரியவில்லை. “ரேஷன் கடையில ரேகை வைக்கிறோமே, விரலை வெட்டியா குடுத்துட்டு வர்றோம்?” என்றாய் பார், வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பெற்றோருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ‘என் பிள்ளை வந்து சொன்னால் திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்’ என்ற தாளில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டீர்கள். “திட்டாம இருக்கிறதுக்கெல்லாமா கையெழுத்து?” என்று முணுமுணுத்துக்கொண்டே கைநாட்டு வைத்த தாத்தாவுக்குத் தனி வணக்கம். அந்தத் தாளுக்குக் காசு வாங்காத ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக சத்துணவுக் கூடத்து அம்மாவுக்கு. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடப் பெட்டி தேடியபோது, பழைய பெருங்காய டப்பாவைக் கழுவி, மூடியில் கத்தியால் கீறிக் கொடுத்தீர்கள். எத்தனை முறை கழுவியும் வாசனை போகவில்லை, ஒவ்வொரு சீட்டும் சாம்பார் மணத்தோடுதான் வருகிறது. வகுப்பு முடிந்ததே, டப்பாவைத் தரலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். இப்போதைக்குக் கேட்காதீர்கள் அம்மா. இன்று காலையிலும் இரண்டு சீட்டு விழுந்திருக்கிறது.

அன்புடன்,
எட்டாம் வகுப்பு ஆசிரியை