விலங்கு என்று நீ சொல்லவில்லையே, கண்ணா

அன்பு மகனுக்கு,

உன் சி ஷார்ப் புரோகிராமின் ஒரு வரியைக் கம்பைலர் (நாம் எழுதுவதைச் சரிபார்த்துக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் மென்பொருள்) ஏற்கவில்லை என்று நேற்று ராத்திரி போனில் நீ சலித்துக்கொண்டது மனசிலேயே நிற்கிறது. "நாயும் பூனையும் விலங்குதானேம்மா, இதுகூடவா கம்பைலருக்குத் தெரியாது?" என்று கேட்டாய். அப்போது பாதியில் வைத்துவிட்டோம். நிதானமாக எழுதுகிறேன்.

உன் மெத்தட் (பெயர் வைத்து எழுதிய வேலைத் துண்டு), டி என்ற ஒரே டைப்பில், அதாவது ஒரே வகையில், இரண்டு ஆப்ஜெக்ட்டை வாங்கி, ஒன்றைத் திருப்பித் தருகிறது. டி என்பது எந்த டைப் என்று நீ சொல்லாவிட்டால் கம்பைலரே ஊகிக்க வேண்டும். நீ நாய் ஒன்றையும் பூனை ஒன்றையும் கொடுத்தாய். கம்பைலர் நீ கொடுத்த ஒவ்வொரு ஆர்கியுமென்ட்டாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்: டி என்பதற்குள் நாய் அடங்க வேண்டும், பூனையும் அடங்க வேண்டும். பிறகு, குறித்து வைத்த டைப்புகளுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்றைத் தேடும். நாய்க்குள் பூனை அடங்காது, பூனைக்குள் நாய் அடங்காது. விலங்கு அந்தக் குறிப்பிலேயே இல்லை. அதனால் சி ஷார்ப் கையை விரித்துவிடுகிறது. ஒரு இன்ட்டும் (முழு எண்) ஒரு டபுளும் (தசம எண்) கொடுத்துப் பார், டபுள் என்று உடனே முடிவு செய்யும். இன்ட் டபுளாக மாறும், டபுளும் குறிப்பில் இருக்கிறது.

விடையை வாங்கும் வேரியபிளை விலங்கு என்று அறிவித்தாலும் பலனில்லை. டி என்ன என்று தீர்மானிக்கும்போது சி ஷார்ப் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று 'வேர்' (where) போட்டு எழுதும் நிபந்தனைகளும் அப்படித்தான், டைப் முடிவான பிறகு சரிபார்க்க மட்டுமே அவை. ஜாவா என்ற இன்னொரு மொழி வேறு ரகம்: இரண்டுக்கும் பொதுவான மேல் டைப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். எனக்கு என்னவோ சி ஷார்ப்பின் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது.

லாம்டா, அதாவது பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதும் குட்டி மெத்தட், வந்தால் இன்னும் அழகு. 2007-இல் சி ஷார்ப் 3 லாம்டாவைக் கொண்டுவந்தபோது, டைப்பை ஊகிக்கும் இந்த வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். ஒரு லிஸ்ட்டையும் ஒரு லாம்டாவையும் கொடுக்கிறாய் என்று வை. லாம்டா உள்ளே வாங்கும் பாராமீட்டர் என்ன டைப் என்று தெரியாமல் அதன் உள்ளே எதையும் படிக்க முடியாது. ஆகவே முதலில் லிஸ்ட்டைப் பார்த்து அதில் இருப்பது நாய் என்று உறுதி செய்கிறது. அதை லாம்டாவின் பாராமீட்டருக்குக் கொடுத்து, "நாயின் பெயர்" என்ற கோவையைப் படித்து, வெளியே வருவது ஸ்ட்ரிங் (எழுத்துகளின் வரிசை) என்று கண்டுகொள்கிறது. ஒரு முடிச்சு அவிழ்ந்தால்தான் அடுத்தது அவிழும். எத்தனை வருஷமானாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது, எரரே காட்டாத ஒரு வரி. ஜாவாவில் ஒரு இன்ட் அரேயை (முழு எண்களின் வரிசை), லிஸ்ட்டாக்கித் தரும் 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்' மெத்தடுக்குக் கொடுத்து, அந்த லிஸ்ட்டில் ஒரு எண்ணைத் தேடினேன். எண் அரேயில் இருந்தது, விடை மட்டும் எப்போதும் 'ஃபால்ஸ்', அதாவது இல்லை. கடைசியில் லிஸ்ட்டின் நீளத்தை அச்சிட்டுப் பார்த்தேன்: 1. ஜாவாவில் இன்ட் என்பது டைப் ஆர்கியுமென்ட்டாக, அதாவது டி-யின் இடத்தில், நிற்க முடியாது. அதனால் டி என்பது இன்ட் இல்லை, இன்ட் அரே என்று எடுத்துக்கொண்டு, முழு அரேயையும் ஒரே உறுப்பாக உள்ளே வைத்துவிட்டது. விதிப்படி அது சரிதான். நான் இன்டிஜர் (இன்ட்டின் ஆப்ஜெக்ட் வடிவம்) என்று டைப்பை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வரி கம்பைலே ஆகியிருக்காது, அங்கேயே பிடிபட்டிருக்கும்.

உன் வரியில் மெத்தட் பெயருக்குப் பக்கத்தில், கோண அடைப்புக்குறிக்குள் விலங்கு என்று எழுதிவிடு. ஓடியதும் போன் பண்ணு, எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
அம்மா