காசு வைக்காத சீட்டாட்டம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

சீட்டாடியவர்கள் கைது என்று அடிக்கடி செய்தி வருகிறது. பணம் வைத்து ஆடியவர்களைப் பிடிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் தலைப்பில் ‘பணம் வைத்து’ என்பது விட்டுப்போனால், சீட்டைத் தொட்டவன் எல்லாம் சூதாடி என்றாகிவிடுகிறது. போன மாதம் ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் நாங்கள் சீட்டாடுகிற களத்துமேட்டில் இறங்கி, சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு, “வயசான காலத்துல சூதாட்டமா?” என்று கேட்டார். விரித்திருந்த துண்டில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அன்றிலிருந்து நாலு பேர் வருவதில்லை. ஒருவருடைய மருமகள், “பேப்பர்ல பேர் வந்துரும் மாமா” என்று தடுத்துவிட்டது.

நான் 31 வருஷம் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கூட்டத்தில் பதினோரு பேர். மாதம் ஆளுக்கு 20 ரூபாய். அதில்தான் சீட்டுக்கட்டு, டீ எல்லாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரத்தில் கலைந்துவிடுவோம். ஆடுவது பெரும்பாலும் இருபத்தெட்டு என்கிற ஆட்டம். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. அதிகப் புள்ளிக்கு ஏலம் கேட்டவர், துருப்பு எது என்பதற்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மற்றவர்கள் விழுகிற சீட்டைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

யாருக்கு யார் ஜோடி என்பதைச் சீட்டு வெட்டித்தான் முடிவு செய்வோம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மேலத்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து நான் சின்ன வயதில் பார்த்ததில்லை. அதனால்தான் சாவடியில் ஆடாமல் களத்துமேட்டுக்கு வந்தோம். அங்கே ஜோடி எந்தத் தெரு என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. எதிரே இருப்பவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கவனிக்காமல் போனால் ஆட்டம் போச்சு. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டதும் முறை வைப்பதில் வருகிற சண்டைகளில் பாதி, இப்போது அந்தத் துண்டைச் சுற்றியே பேசித் தீர்ந்துவிடுகிறது. போன வருஷம் ஒருவர் நாலு மணி ஆகியும் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தனியாக இருந்த மனுசன் கிணற்றடியில் விழுந்து கிடக்கிறார். 108-க்குப் போன் செய்து மதுரைக்குக் கொண்டுபோனோம். இன்று அவர்தான் எங்களில் நன்றாகத் துருப்பு கேட்பவர்.

ரம்மியும் சில நாள் ஆடுவோம். 1967-இல் செகந்திராபாத்தில் ஒரு மன்றம் தொடர்பான வழக்கில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஊரைக் கெடுத்தது செல்போனில் தனியாக உட்கார்ந்து பணம் கட்டி ஆடிய ரம்மி. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அதில் தங்கச்சி நகையையே அடகு வைத்துவிட்டான். வீட்டுக்குத் தெரியவே மாசக்கணக்கு ஆனது. 2025 ஆகஸ்டில் அதற்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம்.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம், மனமகிழ் மன்றம் என்று பேர் வையுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பேரில் மது உரிமம் வாங்கி பார் மாதிரி நடத்துகிற இடங்களைப் பார்த்துவிட்ட எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரி.

அதனால் ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை கைதுச் செய்தி போடும்போது, பணம் வைத்து ஆடினார்களா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய் அந்த மருமகளிடம் காட்ட வேண்டும். புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.