ஷ்டூரையும் கொல்லாரையும் ஒரே பாடத்தில் வையுங்கள்

செக் தலைநகர் பிராகிலும் ஸ்லோவாக் தலைநகர் பிராத்திஸ்லாவாவிலும் வரலாற்றுப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். ‘ஹங்கேரியர் பிடியிலிருந்து ஸ்லோவாக்குகளைக் காப்பாற்றியதே செக்குகள்தான்’ என்று ஒரு பேச்சு உண்டு. ‘செக்குகள் எங்களைத் தனி இனமாகவே ஒப்புக்கொள்ளவில்லை’ என்பது எதிர்ப்பேச்சு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆளுக்கொரு பாதியாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்லோவாக்குகள் ஹங்கேரி அரசின் கீழ் வாழ்ந்த 1843-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோவாக் லூத்தரன்கள் அதுவரை செக்கில்தான் எழுதினார்கள், அவர்கள் வேதாகமமும் செக்கில்தான். கத்தோலிக்கரிடம் பெர்னோலாக் என்ற பாதிரியார் வகுத்த வேறு எழுத்துவழக்கு இருந்தது. இப்படிப் பிரிந்து கிடந்தால் ஹங்கேரிய மொழி இருவரையும் விழுங்கிவிடும் என்று அஞ்சினார் ஸ்லோவாக் லூத்தரன் அறிஞர் லுதோவித் ஷ்டூர். நடு ஸ்லோவாக்கியப் பேச்சிலிருந்து எல்லாருக்கும் பொதுவான எழுத்துமொழியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ஹங்கேரிய மொழி ஹங்கேரி நாட்டின் ஆட்சிமொழியானது. யான் கொல்லாரும் ஸ்லோவாக்தான், பெஷ்ட் நகரில் போதகர். செக்கைக் கைவிட்டால் தனித்துப்போய் அழிவோம் என்பது அவர் கவலை. ஷ்டூரை எதிர்த்து அவர் தொகுத்த நூல் 1846-இல் பிராகில் வெளியானது. ஒரே பயம்தான் இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது. ஒருவரை வீரராகவும் மற்றவரைத் துரோகியாகவும் காட்டினால் அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 1874, 75-இல் மூன்று ஸ்லோவாக் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன, மார்ட்டின் நகரிலிருந்த மாட்டிட்சா பண்பாட்டுச் சங்கமும் மூடப்பட்டது. 1907-இன் அப்போன்யி சட்டம் தொடக்கப் பள்ளிவரை ஹங்கேரியத்தைத் திணித்தது. அதே ஆண்டு செர்னோவா என்ற ஸ்லோவாக் ஊரில் தங்கள் தேவாலயத் திறப்பை முன்னிட்டுத் திரண்ட ஊர்மக்களைக் காவலர்கள் சுட்டார்கள். 15 பேர் இறந்தார்கள்.

அந்த நாட்களில் பிராக் கதவைத் திறந்துவைத்தது. 1896-இல் அங்கே தொடங்கிய செக்கோஸ்லாவ் ஒற்றுமைச் சங்கம் ஸ்லோவாக் மாணவர்களுக்குத் துணை நின்றது. 1918-இல் இருவரும் சேர்ந்து செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாடான பிறகு செக் ஆசிரியர்கள் வந்து ஸ்லோவாக் பள்ளிகளை நடத்தினார்கள். இதை மறைப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அந்தப் புதிய நாட்டின் 1920-ஆம் ஆண்டு மொழிச் சட்டம் ‘செக்கோஸ்லோவாக் மொழி’ என்று ஒன்றைச் சொல்லி, ஸ்லோவாக்கை அதன் ஒரு வடிவமாக்கியதே, அதையும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். தங்கள் மொழிக்காக அத்தனை இழந்தவர்களுக்கு அந்த வரி எப்படி வலித்திருக்கும் என்று யோசியுங்கள்.

கொல்லாரின் எதிர்வாதத்தையும் ஷ்டூரின் வாதத்தையும் அருகருகே அச்சிடுங்கள். பிராகிலும் பிராத்திஸ்லாவாவிலும் அதே பக்கம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்றைத் தொலைவிலிருந்து படிக்கும் ஒரு தமிழ் வாசகர்