அலட்சியம்னு யாரைச் சொல்றீங்க?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல, கொழுப்புத் துகள்ல மருந்தைப் பொதிஞ்சு கண்ணுக்குள்ள அனுப்புறதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், எங்க வீட்டுக்கு ரொம்பத் தேவையான விஷயம், அதனாலதான் ஒரு வரி விடாம படிச்சேன். ஆனா நடுவுல "நோயாளிகள் அலட்சியமாகச் சொட்டு மருந்தைத் தவிர்ப்பதே பார்வை பறிபோக முக்கியக் காரணம்"னு போற போக்குல எழுதிட்டீங்களே, அது மனசுல தச்ச மாதிரி நின்னுடுச்சு. எங்க அத்தைக்கு உங்க பத்திரிகையை நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். அந்த வரியை வாசிக்க எனக்கு வாய் வரல.

அத்தைக்கு ரெண்டு கண்ணுலயும் கிளாக்கோமா, கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய். ராத்திரிக்கு லட்டானோபிராஸ்ட், காலையிலயும் சாயங்காலமும் டோர்சோலமைடு டிமோலால் சேந்த சொட்டு. வேளை தவறுனதே கிடையாது, கல்யாண வீட்டுக்குப் போனாலும் பையில பாட்டில் இருக்கும். ஆனா விரல் மூட்டெல்லாம் வாதத்துல கோணிக் கிடக்கு. 2.5 மில்லி பாட்டில், சுண்டுவிரல் உசரம், அதை அண்ணாந்து பாத்துக்கிட்டே தலைகீழா பிடிச்சு அமுக்கணும், ஒண்ணு சொட்டே வராது, இல்லன்னா மூணு சொட்டு சேந்து வந்து கன்னத்துல வழியும், பார்வை மங்குனவங்க அது எங்க விழுதுன்னு எதை வச்சுப் பாப்பாங்க? மாசம் முடியுமுன்ன பாட்டில் காலியாயிடும், மறுபடி வாங்கணும். நாங்க வாங்குற பாட்டிலைப் பிரிக்கிற வரைக்கும் 2-லருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும்னு டப்பாவுலயே அச்சடிச்சிருக்கு, சித்திரை வெயில்ல கடைக்காரர் வெளி அலமாரியிலருந்து எடுத்துக் குடுக்குறார். இதுல அலட்சியம் யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க.

சரியா கண்ணுல விழுந்தாலும் எவ்வளவு உள்ள போகுது? உங்களுக்குத் தெரியாததில்ல. ஒரு சொட்டு 30-லருந்து 50 மைக்ரோலிட்டர் வரும், கண்ணு தாங்குறதே அதிகம் போனா 30, மிச்சம் அப்பவே வழிஞ்சிடும். நின்னதையும் கண்ணீர் கழுவிக்கிட்டு மூக்குக் குழாய் வழியா தொண்டைக்கு இறக்கிடும், அதனாலதான் அத்தைக்குச் சொட்டு போட்ட கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் கசக்கும். கருவிழியோட மேல் அடுக்கு எண்ணெய்ல கரையுறதைத்தான் விடும், அதுக்கு அடுத்த அடுக்கு தண்ணியில கரையுறதைத்தான் விடும், ரெண்டையும் தாண்டி உள்ள போய்ச் சேருறது நூத்துக்கு அஞ்சுகூட இல்ல. மருந்தைப் பொடிப்பொடி கொழுப்பு உருண்டையில பொதிஞ்சா அது கண்ணுல ஒட்டி நிக்கும், கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும், அதுக்காகத்தானே இந்த ஆராய்ச்சியே நடக்குது? ஒழுங்கா போடுறவங்களுக்கே மருந்து சேரலங்கிறதுதான் பிரச்சனைன்னு உங்க கட்டுரையோட முதல் பத்தியே சொல்லுது, மூணாவது பத்தியில பழி நோயாளி தலையில விழுது.

சொட்டு போட்டதும் கண்ணை மூடிக்கிட்டு, மூக்கோரமா இருக்கிற கண் முனையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா மருந்து தொண்டைக்கு இறங்குறது குறையும், அடுத்த சொட்டுக்கு அஞ்சு நிமிஷமாவது விடணும். டிமோலால் ரத்தத்துல கலந்தா ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும், நாடித்துடிப்பு குறையும், அதனால இது சின்ன விஷயமும் இல்ல. நாங்க போற ஆஸ்பத்திரியில இதை ஒருத்தரும் சொல்லல, சீட்டை எழுதிக் கையில குடுத்துட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு அம்மா தன் கண்ணுல விரலை வச்சுக் காட்டித்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.

அப்புறம் அந்தத் தலைப்பு, "சொட்டு மருந்துக்கு விடைகொடுப்போம்". சிங்கப்பூர்ல ஆராய்ச்சியாளர் சுப்பு வெங்கட்ராமன், கண் டாக்டர் டினா வாங் குழு லட்டானோபிராஸ்டை நானோ லிப்போசோம்ல, அதாவது அந்தப் பொடிப்பொடி கொழுப்பு உருண்டையில பொதிஞ்சு, வெள்ளை விழி மேல இருக்கிற மெல்லிசு சவ்வுக்கு அடியில ஒரு ஊசி போட்டாங்க, மூணு மாசம் கண் பிரஷர் குறைஞ்சிருந்தது, பெரிய காரியம்தான். ஆனா அது வெளிவந்தது 2014-ல, போட்டுப் பாத்தது 6 பேருக்கு. இதை ஏன் எழுதல? எங்க வீட்டுக்காரர் தலைப்பைப் பாத்துட்டு மருந்துக்கடை கடையா கேட்டுட்டு வந்து நின்னார்.

இன்னொண்ணு, அமெரிக்காவுல 2002-ல அனுமதி வாங்குன, கண் வறட்சிக்குப் போடுற சைக்ளோஸ்போரின் சொட்டுல விளக்கெண்ணெய் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. உண்மைதான். ஆனா எங்க தெருவுல "பேப்பர்லயே போட்டுட்டான், விளக்கெண்ணெய் கண்ணுக்கு நல்லதாம்"னு ஒரு பாட்டி பேரனுக்கு ஊத்தக் கிளம்பிட்டாங்க. அந்த மருந்து எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு உடைச்சு, கிருமி இல்லாம ஆலையில செஞ்சது, செக்குல ஆட்டுன எண்ணெயைக் கண்ணுல விடக்கூடாதுன்னு ஒரு வரி போட இடமில்லாமலா போச்சு? அதே பக்கத்துல கண்ணாடியே வேண்டாம்னு சொல்ற மூலிகைச் சொட்டு விளம்பரத்துக்குக் கால் பக்கம் இருந்ததே.

"இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிது"ன்னு முடிச்சிருந்தீங்க. 2021-ல கருப்புப் பூஞ்சை வந்தப்ப ஊரே தேடுன பூஞ்சை மருந்து லிப்போசோமல் ஆம்போடெரிசின், அதுவும் கொழுப்புல பொதிஞ்ச மருந்துதானே ஐயா? அது நரம்புல ஏத்துறது, கண்ணுல விடுறதில்ல, ஆனா அது இல்லாம கண்ணு போனவங்க எத்தனை பேர். எங்க சித்தப்பாவுக்குச் சக்கரை, கிட்னி சரியில்லன்னு காட்டுற கிரியேட்டினின் வேற ஏறிக் கிடந்தது, பொதியாத பழைய மருந்து கிட்னியைக் கெடுக்கும், பொதிஞ்சது எங்கயும் ஸ்டாக் இல்ல. கடைசியில ஒரு கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாத்துனாங்க. எந்த ஊர்ல மருந்து இருக்குன்னு தினம் ஒரு பட்டியல் போடுங்கன்னு அப்பவே உங்களுக்கு எழுதினேன், வரல. புதுசுன்னு நீங்க சொல்றது கிடைக்காமலே எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு கண்ணு போயிடுச்சு.

மதுரையில 1992-ல ஆரோலேப்ங்கிற நிறுவனத்தை ஆரம்பிச்சு, வெளிநாட்டுலருந்து வந்துட்டிருந்த, கண்புரை ஆபரேஷன்ல உள்ள வைக்கிற லென்ஸை இங்கயே செஞ்சு ஏழைக்கும் எட்டுற விலைக்குக் கொண்டுவந்தாங்க. இந்தக் கொழுப்புத் துகள் மருந்தை அந்த மாதிரி இங்க யாராவது செய்யறாங்களா, செஞ்சா என்ன விலைக்கு வரும்னு ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டிருந்தா அது எங்களுக்குச் செய்தி.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, சொட்டு மருந்து எப்படிப் போடணும்னு படத்தோட ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடுங்க, படிக்கப்போறது கண்ணு தெரியாதவங்க. அந்த அலட்சிய வரிக்கு ஒரு திருத்தம். கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீங்கன்னு தெரியும், எதை வேணும்னாலும் வெட்டிக்கோங்க, விளக்கெண்ணெய் பத்தி எழுதுனதை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பல வருஷ வாசகி,
தேனி மாவட்டம்