மாகாண சபை எதற்கு என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த சில வாரங்களாக உங்கள் வாசகர் பகுதியில் மாகாண சபைத் தேர்தல் பற்றி வரும் கடிதங்களை ஒன்றும் விடாமல் வாசிக்கிறேன். "வெள்ளை யானை" என்கிறார் ஒருவர். "இருந்த ஐந்து வருடமும் சண்டை பிடித்ததுதான் மிச்சம்" என்கிறார் இன்னொருவர். "ஆளுநரின் கீழ் வேலை அமைதியாக நடக்கிறது, தேர்தலுக்குக் கொட்டும் காசில் நாலு ரோட்டைப் போடலாம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எழுதுபவர்களில் சிலர் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள் என்று நடையிலேயே தெரிகிறது. கந்தோரில் சத்தம் போடாமல் வேலை நடந்தால் அதுவே நல்ல நிர்வாகம் என்று பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் இந்தக் கதையை இப்படியே விட எனக்கு மனமில்லை.

வடக்கு மாகாண சபைக்கு இதுவரை நடந்தது ஒரேயொரு தேர்தல். 2013 செப்டெம்பர் 21. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதோடு சரி. அதற்கு முன்பே, 2017 இல், பழைய விகிதாசார முறையைச் சட்டத்தால் மாற்றியிருந்தார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை பிரிக்க வேண்டும் என்றார்கள். பிரித்துக் கொடுத்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பிறகு மீளாய்வுக்கு ஒரு குழு. பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டம் இயங்காது. ஒரு கோப்பை நிரந்தரமாகக் கிடப்பில் போட இதைவிடக் கெட்டித்தனமான வழியை முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்த நான் கண்டதில்லை.

2018 ஒக்டோபர் முதல் மாகாணப் பள்ளிக்கூடங்கள், ஆதார வைத்தியசாலைகள், விவசாயம், வீதி எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் ஆளுநர். அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும் வரைதான் அவர் பதவியில் இருப்பார். அது மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலேயே இருக்கிறது. வந்த ஆளுநர்கள் எல்லோரும் கூடாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. இப்போதிருப்பவர் இதே யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்தவர், வேலை தெரிந்தவர். என் பிரச்சினை ஆள் அல்ல. நல்லவரோ கெட்டவரோ, அவரை அனுப்பியதும் நாங்கள் இல்லை, திருப்பி அனுப்பவும் எங்களால் முடியாது.

"சண்டை பிடித்ததுதான் மிச்சம்" என்பதையே எடுத்துப் பார்ப்போம். எல்லோரும் நினைப்பது 2017 ஜூன் மாதத்தை. முதலமைச்சர் விக்னேஸ்வரன் தன் அமைச்சர்கள் மீது வந்த முறைப்பாடுகளை விசாரிக்க ஒரு குழுவைப் போட்டிருந்தார். அறிக்கை வந்ததும் இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகச் சொன்னார். உடனே அவருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரின் கைக்குப் போனது. ஒரு கிழமைக்கு யாழ்ப்பாணம் முழுக்க அதே கதை. சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை ஏலம் போடுகிறவர்கள்கூட யார் யார் பக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பிரேரணையைத் திருப்பி எடுத்தார்கள். வேறொரு அமைச்சர், தன்னை நீக்கியது பிழை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2018 இல் இடைக்கால உத்தரவும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அசிங்கம் என்றார்கள். அசிங்கம்தான். ஆனால் என்ன நடந்தது என்று ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் மீது முறைப்பாடு வந்தது. விசாரணை நடந்தது. அறிக்கையில் இருந்ததை நாங்கள் பத்திரிகையில் வாசித்தோம். முதலமைச்சரின் கதிரையே ஆடியது. நீதிமன்றம் அவருடைய முடிவையும் கேள்வி கேட்டது. அந்த ஐந்து வருடத்தில் சபை செய்த உருப்படியான காரியம் எது என்று என்னிடம் கேட்டால், நிறைவேற்றிய தீர்மானங்களை விட்டுவிட்டு இந்தச் சண்டையைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு ஆளுநர்கள் பலர் மாறினார்கள், உண்மை. கொழும்பில் ஆட்சி மாறியதால் மாறினார்கள். எங்கள் சொல்லால் ஒருவர் மாறினாரா? சபை கூடிய கைதடியில் இப்போது சத்தமே இல்லை. சத்தம் இல்லாத இடத்தில் பிழையும் இல்லை என்று யார் சொன்னது?

இந்த நகரத்தில் பதவியில் இருப்பவரை இறக்குவதற்கு வேறு வழிகளும் இருந்தன. யாழ் மாநகர மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலையில் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 இல், நீண்ட இடைவெளிக்குப் பிறகு தேர்தல் நடந்து மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரனை மே மாதம் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் அதே வருடம் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் போனார். இனி 2020 டிசம்பருக்கு வாருங்கள். அதே மாநகர சபை. மேயரின் வரவுசெலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்றது, சட்டப்படி அவருடைய பதவி போனது, அந்த மாத முடிவுக்குள் சபை இன்னொருவரைத் தெரிவு செய்தது. போனவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், மறுநாள் அறிக்கை விட்டார், தொடர்ந்தும் அரசியல் செய்தார். அப்போது பலர் "இவங்களுக்கு வேறு வேலையில்லை" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மேயர் வெறும் கை எண்ணிக்கையில் தோற்றுப் போனதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

தேர்தலைத் தள்ளி வைப்பது பெரிய குற்றமா என்று கேட்பவர்களுக்குப் பழைய கணக்கு கொஞ்சம் இருக்கிறது. 1972 இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துத் தந்தை செல்வா காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, முடிந்தால் இடைத்தேர்தல் வையுங்கள் என்றார். வைத்தது 1975 பெப்ரவரியில். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொகுதி ஆளில்லாமல் கிடந்தது. 1982 டிசம்பரில் பாராளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். இருக்கும் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்ட ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ் மாவட்டம் அள்ளி அள்ளிக் குடத்துக்குப் போட்டது, நானும் குடத்துக்குத்தான் போட்டேன். நாடு முழுவதற்கும் எண்ணியபோது விளக்கு வென்றது. அடுத்த வருடம், தனிநாடு கேட்க மாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொல்லும் ஆறாவது திருத்தம் வந்தது. எங்கள் உறுப்பினர்கள் அந்தச் சத்தியப்பிரமாணத்தைச் செய்யாமல் ஆசனங்களை இழந்தார்கள். தேர்தல் இல்லாமல் நீட்டிய அந்தப் பாராளுமன்றத்தில், நாடு எரிந்துகொண்டிருந்த காலத்தில், எங்களுக்காக எழும்பி நின்று பேச ஆளில்லை. அந்தத் தேர்தல் உரிய நேரத்தில் நடந்திருந்தால் யுத்தமே வந்திராது என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஆனால் கதவு ஒன்றை இழுத்து மூடிய சத்தம் அது.

பெரும்பான்மை கையில் இருந்தால் மட்டும் ஜனநாயகம் ஆகிவிடாது என்பதையும் நாங்கள் புதிதாகப் படிக்கத் தேவையில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் 1948, 49 இல் பறித்தது ஒரு ராணுவம் அல்ல, தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றம்.

"மாகாண சபையில் அதிகாரம் இல்லை, ஆகவே அது வேண்டாம்" என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பொலிஸ், காணி அதிகாரம் இன்றுவரை காகிதத்தில்தான். ஆனால் இதே நியாயத்தை யாழ்ப்பாணம் முன்பும் சொல்லியிருக்கிறது. 1931 இல் இந்தத் தீவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. முழுச் சுயராச்சியம் தரவில்லையே என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. இங்கே நான்கு தொகுதிகள் 1934 வரை காலி. கொள்கை உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. சபையோ நாங்கள் இல்லாமலே கூடியது.

2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நான் கடமையில் இருந்தேன். காலையில் பெட்டியைத் திறந்து, வெறும் பெட்டி என்று காட்டி, முத்திரை வைத்தோம். வாக்குச்சீட்டு இருந்தது, விரலில் பூச மை இருந்தது, வாசலில் பொலிஸ் இருந்தது. போக வேண்டாம் என்ற சொல் ஊருக்குள் இருந்தது. பின்னேரமும் கிட்டத்தட்ட அதே வெறும் பெட்டியைத்தான் கட்டி அனுப்பினோம். யாழ் மாவட்டத்தில் அன்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தெற்கில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்தது இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்கு. பெட்டியும் சீட்டும் வைப்பதால் மட்டும் அது தேர்தல் ஆகாது, பயமில்லாமல் வீட்டிலிருந்து வெளிக்கிட முடிய வேண்டும். இன்று எங்களால் முடிகிறது. முடிகிற காலத்தில் தேர்தலே வேண்டாம் என்கிறோம்!

பெரிய கதையை விடுங்கள். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மதகு இருக்கிறது. அடைத்தால் மாரியில் வெள்ளம் நேரே நாலைந்து வீட்டு அடுப்படிக்குள் வரும். 2018 தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியதால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை பிரதேச சபைக்குப் போனாள். நான் வாக்களித்த கட்சி அல்ல. ஒரு நாள் விடியப்புறம் அவளுடைய படலையில் போய் நின்று, "பிள்ளை, தண்ணி குசினிக்குள்ள வந்திட்டுது, நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டேன். "ஐயா, கத்தாதேங்கோ, நான் இப்பவே கதைக்கிறன்" என்றாள். மத்தியானம் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அடுத்த முறையும் வாக்குக் கேட்டு இதே ஒழுங்கைக்குள்தான் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. மார்ச் 9 தேர்தல் என்று நாள் குறித்து, வேட்பாளர்கள் கட்டுப்பணமும் கட்டிய பிறகு, திறைசேரியில் காசில்லை என்று நிறுத்தினார்கள். அதிகாரம் பிரதேச சபைச் செயலாளரின் மேசைக்குப் போனது. அந்த மாரியிலும் மதகு அடைத்தது. கடிதம் கொடுத்தேன். "தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. தகவல் அறியும் சட்டத்தின் கீழும் கேட்டுப் பார்த்தேன்; நிதி ஒதுக்கீடு இல்லை என்று, அழகான தமிழில், பதில் வந்தது. அலுவலர்கள் மரியாதையானவர்கள்தான், கதிரை தந்து இருத்திக் கதைத்தார்கள். ஆனால் என் வாக்கு அவர்களை ஒன்றும் செய்யாது, அது அவர்களுக்கும் தெரியும். நானே அந்தப் பக்கத்து மேசையில் இருந்த காலத்தில் எனக்கும் தெரிந்திருந்தது. தேர்தலை நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. உள்ளூராட்சிக்கு உரிமை மீறலாக இருந்தது மாகாணத்துக்கு மட்டும் எப்படிச் சிக்கனம் ஆனது?

எங்கள் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது. 1949 இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி, தலைவரை முதன்முதலாக வாக்கெடுப்பில் தெரிவு செய்தது 2024 ஜனவரியில். அதுவும் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றப் படியேறியது. மற்றக் கட்சிகள் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. ஊரில் சனசமூக நிலையத்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்டால் "தம்பிக்கு எங்களில் நம்பிக்கையில்லையோ" என்கிறார்கள். எழுபது வயதில் தம்பி என்று கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம், பதில் மட்டும் கிடைக்கவில்லை.

சரி, செய்யக்கூடியது என்ன? எல்லை பிரித்து முடிக்கும் வரை பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை வைக்க ஒரு சிறு திருத்தம் போதும். 225 பேர் சபையில் 159 பேரை வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு அது ஒரு பின்னேர வேலை. யாழ் மாவட்டத்துக்கு இருப்பது ஆறு பாராளுமன்ற உறுப்பினர்கள். அவர்களில் மூன்று பேர் ஆளும் கட்சி. ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து அந்த ஆறு பேரிடமும் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும்: அந்தத் திருத்தத்தை ஆதரித்து எந்த மாதத்துக்குள் வாக்களிப்பீர்கள்? வரும் பதில்களை ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். பதில் தராதவருக்குரிய இடத்தைப் பெயரோடு வெற்றாக விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
சுன்னாகம்.